பொய்ப்போனுக்கு வந்த கிணறுகள்

நத்தக்காட்டுவலசில் கிணறுகள் செய்தி அனுப்ப ஆரம்பித்தது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு. ஊரில் பாதிப் பேர் மாட்டை நிழலுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் கரண்ட் எப்போது வரும் என்று கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோகிலவாணி மட்டும் சோற்றை வடிப்பதற்காக மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்கு எழுந்து போயிருந்தாள். அவள் கஞ்சியை வடித்து முடிப்பதற்குள் அது மூன்று தடவை மணியடித்துவிட்டது.

கோகிலவாணி வேலை பார்த்தது காங்கேயம் ரோட்டில் மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு. அந்த ஸ்டார்ட்டரை மோட்டாரோடு மாட்டிவிட்டால் தோட்டத்துக்குப் போகாமலேயே போனிலிருந்து மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். மோட்டாரும் தன் பங்குக்கு ‘ஓடுகிறது’, ‘நின்றுவிட்டது’ என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்திகள் ஒழுங்காக வந்து சேருகின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஆயிரம் செய்திகளை நிஜப் போனுக்கு அனுப்பிப் பார்க்க முடியுமா? அதற்காகக் கணினித் திரைக்குள்ளேயே ஒரு போனை வைத்திருந்தாள். எமுலேட்டர் என்று பெயர். சிம் கிடையாது, டவர் கிடையாது, கீழே விழுந்து உடையவும் வழியில்லை. நம்பர் நாலே இலக்கம், 5554. வெளியே இருந்து ஒரு புரோகிராம் அதன் காதில் ‘இன்ன நம்பரிலிருந்து இன்ன செய்தி வந்திருக்கிறது’ என்று ஓதினால் அப்படியே நம்பிவிடும், அவ்வளவு வெகுளி. ஊர்க்காரர்கள் அதற்குப் பொய்ப்போன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஓதுகிற புரோகிராமை அவள் நிறுத்தியிருந்தாள். ஆனாலும் மூன்று செய்திகள் வந்திருந்தன. அனுப்பியவர் இடத்தில் 91/4 என்றிருந்தது, கீழே ‘தண்ணீர் இல்லை’ என்றிருந்தது. அடுத்தது 203/1, ‘கரண்ட் போய்விட்டது.’ மூன்றாவது 57/6, ‘ஒரு பேஸ் இல்லை’, அதாவது மும்முனைக் கரண்டில் ஒரு முனை வரவில்லை. இப்படி ஒரு நம்பர் உலகத்தில் உண்டா என்று அவள் முழித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த தெருவிலிருந்து முருங்கைக்காய் கொண்டுவந்த அவள் அப்பா சென்னியப்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“தொண்ணூத்தியொண்ணுல நாலா? அது தங்காயி தோட்டத்து சர்வே நம்பராச்சே. இருநூத்தி மூணுல ஒண்ணு தலைவரு கெணறு. பாவம், தங்காயி கெணறு தண்ணி இல்லாமத்தான கெடக்குது” என்றார். முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஏன், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கிணறு ஏதாவது சொன்னதா என்றுதான் கேட்டார்கள். கம்பெனி மேனேஜர் மட்டும் போனில், “பழைய டேட்டா எங்கயாச்சும் ஒட்டிட்டு இருக்கும், கிளியர் பண்ணிப் பாருங்க மேடம்” என்றார். அவளும் எல்லாவற்றையும் அழித்தாள். கிணறுகள் கொஞ்சம் கோபத்தோடு அத்தனையையும் இரண்டிரண்டு தடவை திரும்ப அனுப்பின, மேனேஜர் அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிணறுகளுக்குத் தெரிந்தது மொத்தம் எட்டு வாக்கியங்கள். ஸ்டார்ட்டருக்காகக் கோகிலவாணி எழுதிவைத்த எட்டுதான்: மோட்டார் ஓடுகிறது, மோட்டார் நின்றுவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது, தண்ணீர் இல்லை, ஒரு பேஸ் இல்லை, சூடு அதிகம், நேரம் முடிந்தது. ‘மோட்டார் ஓடுகிறது’ என்பதற்குப் பக்கத்தில் மட்டும் ‘இயக்கியவர்’ என்று ஒரு காலி இடம் உண்டு, யார் போட்டு ஓட்டினார்கள் என்று தெரிவதற்காக. நூற்றுப் பத்தடி ஆழத்தில் கிடக்கிற ஒன்றுக்கு எட்டு வாக்கியம் எந்த மூலைக்கு? ஆனாலும் அவை குறை சொல்லவில்லை, இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொண்டன.

ஒரு வாரத்தில் கோகிலவாணி வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பஞ்சாயத்துத் தலைவர் ஈஸ்வரமூர்த்திதான் வழி சொன்னார். “ஊருக்குன்னு ஒரு குரூப்பு இருக்குதல்லோ, அதுல போட்டு உடுங்கம்முணி. ஊரே உங்கூட்டுக்குள்ள வந்து நிக்கறது நல்லாவா இருக்குது?” என்றார். தங்காயி அக்காள் அதோடு விடவில்லை. “கெணறு நமக்குச் சொன்னாப் போதுமா? நாம அதுக்குச் சொல்ல வேண்டாமா? அதுக்கும் ஒரு வழி பண்ணு சாமி. ஆனா நாங்க எளுதறத நீ படிக்கக் கூடாது” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி உட்கார்ந்து பாலம் கட்டினாள். பொய்ப்போனில் வந்து விழுகிற செய்தியை வெளியே ஒரு புரோகிராம் எட்டி எடுத்து ஊர் குரூப்பில் போடும்; தோட்டக்காரர்கள் சர்வே நம்பரைப் போட்டு அவள் நம்பருக்கு எதையாவது எழுதினால் இன்னொரு புரோகிராம் அதை வாங்கிப் பொய்ப்போனுக்குள் தள்ளும், கிணறு எடுத்துக்கொள்ளும், அதன் பதில் கேட்டவருக்கு மட்டும் போகும். மக்கள் எழுதுவதும் கிணறு சொல்லும் பதிலும் தனியாக ஒரு கோப்பில் சேரும், அதைத் திறப்பதில்லை என்று தங்காயி அக்காளின் கையில் அடித்துக் கொடுத்தாள்.

பாலம் போட்ட பிறகு ஊர் கிணறுகளோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கிணற்றிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள், அது ‘தண்ணீர் இல்லை’ என்றால் அன்றைக்கு அவர்களுக்கும் சோறு இறங்காது. தலைவர் ஈஸ்வரமூர்த்தி அடுத்த தடவையும் ஜெயிப்பேனா என்று கேட்க, கிணறு ‘ஒரு பேஸ் இல்லை’ என்று பதில் சொல்லி, அது தவறுதலாக ஊர் குரூப்பிலும் விழுந்து, ஊர் இரண்டு நாள் சிரித்தது. தங்காயி அக்காள் கேட்டதுதான் எல்லோரையும் கலங்க வைத்தது. அவள் கிணறு மூடிப் பத்து வருடம் ஆகிறது. மண் கொட்டி, சமப்படுத்தி, வீட்டு மனைக்கு முளைக்கல் நட்டுவிட்டார்கள். அந்த மனைமேல் போய் நின்று அவள் ‘நல்லாருக்கியா’ என்று எழுதினாள். ‘கரண்ட் வந்துவிட்டது’ என்று பதில் வந்தது. அதை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்தது. இன்றைய சங்கதிகளைச் சொல்லி முடித்துவிட்ட கிணறுகள், நமக்குப் பேச்சு ஓய்ந்தால் பழைய கதைக்குப் போகிற மாதிரி, பழையதை எடுத்தன. ஒரு நாளைக்கு ஒரு வருடம் என்று பின்னால் போய்க்கொண்டிருந்தன. முதல்நாள் போன வருடத்தது, இரண்டாம்நாள் அதற்கு முந்தைய வருடத்தது. தேதி, தமிழ் மாதம் எல்லாம் சரியாக இருந்தது. முக்கியமாக, ‘இயக்கியவர்’ என்ற காலி இடத்தில் பெயர் இருந்தது.

அங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. நத்தக்காட்டுவலசில் பாதிக் கிணறுகள் கூட்டுக் கிணறுகள், அண்ணன் தம்பிக்குப் பொது. மூன்று நாள் இவர் முறை, மூன்று நாள் அவர் முறை. அடுத்தவர் முறையில் ஒரு மணி நேரம் திருட்டுத்தனமாக ஓட்டாத பரிசுத்தவான் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆறாம்நாள் ஒருவர் பெயர் வந்தது, அவர் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு பங்காளி வீட்டுக்குப் போய் நின்றார். ஏழாம்நாள் இரண்டு பேர் போனார்கள். அதற்கப்புறம் கிணறு சொல்லும்வரை யாரும் காத்திருக்கவில்லை. “கெணறு சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு மின்ன நானே சொல்லிப்போடறனுங்” என்பது ஊரில் கும்பிடு போடுகிற மாதிரி ஆகிவிட்டது. அடிதடி ஆகும் என்று எதிர்பார்த்த போலீஸ்காரர் ஒருவர் இரண்டு நாள் வந்து டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எல்லோரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்பதைக் காணச் சகியாமல் போய்விட்டார்.

கோகிலவாணி மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்றாம் நாள் எந்த வருடம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். அந்த வருடம் சித்திரை பதினேழாம் தேதி 118/2 கிணற்றில் நடந்தது அந்த ஊருக்கே பெரிய வழக்கு.

118/2 அவள் அப்பா சென்னியப்பனுக்கும் பெரியப்பா நாச்சிமுத்துவுக்கும் பொதுக் கிணறு. சித்திரை பதினேழு அப்பாவின் முறை முடிகிற நாள், மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியப்பா முறை. அந்தக் காலத்து ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், திரும்ப வந்தால் ஆள் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, பொத்தானை அமுக்கி இடுக்கில் ஒரு குச்சியைச் சொருகிவிடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். அப்படிச் செய்யாத வீடு கிடையாது. அந்த நாளில் யாரோ குச்சி சொருகியிருந்தார்கள். விளக்கு வைத்த பிறகு கரண்ட் வந்து, மோட்டார் கிணற்றைத் துடைத்து எடுத்து, தண்ணீர் இல்லாமலும் ஓடி, உள்ளே இருந்த செப்புக் கம்பிக் காயில் கருகிப்போனது. கம்பியைப் புதிதாகச் சுற்றி மோட்டாரைக் கொண்டுவரப் பத்து நாள் ஆனது. பெரியப்பாவின் ரெண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் திரளுகிற பருவத்தில் கண்ணெதிரே சருகாகியது.

“குச்சி வெச்சயாடா?” என்று பெரியப்பா கேட்டார். “இல்லீங்கண்ணா” என்றார் அப்பா. மாகாளியம்மன் கோயிலில் ஊர் கூடி நிற்க, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். பதினைந்தாம் நாள் அப்பாவின் பூச்சிக்காளை, பசுக்களுக்குச் சேர்க்கிற பொலிகாளை, வயிறு உப்பிச் செத்தது. ஊருக்கு அது போதும். அன்றையிலிருந்து சென்னியப்பன் பொய்ச்சத்தியக்காரர். முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் சாட்சிக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள், விசேஷ வீட்டில் முகூர்த்தக்கால் நட அவர் கை வேண்டாம் என்பார்கள், கோயில் பூசையில் திருநீறு அவருக்குக் கடைசியாக வரும். பெரியப்பா மகன் சம்பத்தின் கல்யாணத்துக்குப் பத்திரிகையே வரவில்லை. அப்பா அன்றைக்கு முழுக்கத் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

குச்சி வைத்தது கோகிலவாணி. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. மறுநாள் குளித்து விளையாடத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள், பாதியில் கரண்ட் போய்விட்டது. அப்பா செய்வதைப் பார்த்திருந்ததால் கையிலிருந்த குச்சியைச் சொருகிவிட்டு, கரண்ட் வந்ததும் வந்து நிறுத்திவிடலாம் என்று வீட்டுக்குப் போய், சோறு தின்று, மறந்து தூங்கிப்போனாள். செய்தது இவ்வளவுதான். அதைச் சொல்லாமல் விட்டதுதான் பெரியது. முதலில் பயத்தில் சொல்லவில்லை. பிறகு சத்தியம் நடந்துவிட்டதால் சொல்லவில்லை. பிறகு பெரிய மனுஷியாகி, உள்ளூரிலேயே கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, இனிமேல் எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. தெருவில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு போகும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் ஒரு பிடி மண் விழும். வருடத்துக்கு எத்தனை தடவை, இருபத்துமூன்று வருடத்துக்கு எத்தனை, யார் கணக்கு வைத்தார்கள்?

ஊர் அந்த நாளுக்காகக் காத்திருந்தது. பெரியப்பா பால் சொசைட்டியில் கேனை இறக்கிவைத்துவிட்டு, “இன்னம் பாஞ்சே நாளு. கெணத்துக்கு ஆரும் சோறு போடறதில்ல, அது பொய் சொல்றதுக்கு” என்பார். அடுத்த நாள் “பதினாலு” என்பார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே பாலை ஊற்றிவிட்டு வருவார்.

இருபதாம்நாள் கோகிலவாணி பாலத்துக்குள் ஒரே ஒரு வரி சேர்த்தாள். அனுப்பியவர் 118/2 ஆகவும் தேதி சித்திரை பதினேழாகவும் இருந்தால் வெளியே விடாதே. அவ்வளவுதான், ஊரே கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நியாயம் எதுவும் அவளிடம் இல்லை, பயந்தாள், எழுதினாள். இரண்டு நாள் அந்த வரியோடு இருந்தாள். இருபத்திரண்டாம்நாள் மத்தியானம் அதை அழித்தாள். வருவது வரட்டும், என் வாயால் வராதது கிணற்றின் வாயாலாவது வரட்டும் என்று மடிக்கணினியை மூடினாள்.

இருபத்துமூன்றாம்நாள் ஊரில் யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை. பத்தே காலுக்கு வர ஆரம்பித்தது. 118/2, சித்திரை இருபது: கரண்ட் போய்விட்டது. சித்திரை பத்தொன்பது: கரண்ட் வந்துவிட்டது. சித்திரை பதினெட்டு: மோட்டார் நின்றுவிட்டது. அடுத்தது சித்திரை பதினாறு.

பதினேழு வரவில்லை. கோகிலவாணி பொய்ப்போனுக்குள் பார்த்தாள், அங்கேயும் இல்லை. பாலத்தைத் தலைகீழாகப் புரட்டினாள், அவள் அழித்த வரி அழிந்தேதான் கிடந்தது. கிணறு அந்த ஒரு நாளை அனுப்பவே இல்லை.

ஐந்து நிமிடத்தில் ஊர் குரூப்பில் பெரியப்பாவின் குரல் வந்தது. “அப்பனும் புள்ளையுஞ் சேந்து கெணத்து வாயக் கட்டிப்போட்டாங்கய்யா. மிசினு ஆருகிட்ட இருக்குது? அவகிட்டத்தான? இனி என்னத்தப் பாக்கறது!” அதற்குக் கீழே நாற்பது பேர் கும்பிடு பொம்மையும் அழுகிற பொம்மையும் போட்டிருந்தார்கள். வராத செய்தி வந்த செய்தியைவிடக் கெட்டியான சாட்சி ஆகிவிட்டது. அப்பாவின் பொய்ச்சத்தியம் இனி கல்லில் வெட்டியதுதான், அதுவும் மகள் கையால்.

அப்போதுதான் அவள், தங்காயி அக்காளுக்குக் கொடுத்த வாக்கை மீறி, மக்கள் கிணறுகளுக்கு எழுதிய கோப்பைத் திறந்தாள். மற்றவர்களுடையதைக் கையால் மறைத்துக்கொண்டு 118/2ஐ மட்டும் தேடினாள்.

ஆவணி முதல் தேதியிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு செய்தி இருந்தது. அப்பாவின் பட்டன் போன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர்; அந்த போனில் பச்சைப் பட்டனையும் சிவப்புப் பட்டனையும் தவிர வேறெதையும் அவர் தொட்டு அவள் பார்த்ததில்லை. முதல்நாள் வெறும் ‘118/2’. இரண்டாம்நாள் ‘118/2 ச’. நாலாம்நாள் ‘சொல’. ஏழாம்நாள் ‘சொல்லா’. காலையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவர் போனோடு நிற்பதை அவளே பார்த்திருக்கிறாள், பால் விலை பார்க்கிறார் என்று நினைத்தாள். பன்னிரண்டாம்நாள் ‘சொல்லாத சாமி’ என்று முழுதாக வந்தது. பத்தொன்பதாம்நாள், ‘புள்ள பேர சொல்லாத சாமி’.

அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். கோகிலவாணி வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டில் கேட்குமே என்றெல்லாம் யோசிக்கவில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, அப்பாவின் செய்திக்குக் கீழே தினமும் இன்னொன்று இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு, பேசினால் தானே எழுதிக்கொள்கிற போனிலிருந்து. பெரியப்பா நம்பர். ‘118/2, எம் பையன் அன்னிக்குப் பன்னண்டு வயசுப் புள்ள, அவம் பேரப் போடாத தாயே.’ இருபத்துமூன்று நாளும் அதே வார்த்தை. இரண்டு பேருக்கும் கிணறு தினமும் ‘சூடு அதிகம்’ என்றே பதில் சொல்லியிருந்தது. அன்றைக்குக் காலையில் மட்டும் இருவருக்கும், ‘மோட்டார் நின்றுவிட்டது.’

கூட்டுக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆழப்படுத்துவதோ, மோட்டார் மாற்றுவதோ, மேட்டில் ஒரு கல்லைப் புரட்டுவதோ, இரண்டு பங்குக்காரரும் ஒப்பாமல் நடக்காது. 118/2 அந்த வழக்கத்தில் வளர்ந்த கிணறு. இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக அதன் இரண்டு பங்குக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றைக் கேட்டிருந்தார்கள், அதனால் கேட்டுக்கொண்டது.

இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கோகிலவாணி நினைத்தால் அப்படியே விட்டுவிடலாம். கிணறே மறைத்துக் கொடுத்துவிட்டது.

மறுநாள் காலை ஆறரைக்கு, ஊரே பால் கேனோடு நிற்கிற நேரம், பால் சொசைட்டிக்குப் போனாள். தூக்கிக்கொண்டு போகப் பால் இல்லை, வெறுங்கையோடு போனாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அளவுக்காரர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா” என்றாள். இருபத்துமூன்று வருடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. “குச்சி வெச்சது நானுங்க. எங்கப்பா பண்ணுனது நெசச் சத்தியமுங்க.”

யாரும் நம்பவில்லை. கூட்டத்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார். தலைவர் ஈஸ்வரமூர்த்தி பரிவாகத்தான் சொன்னார்: “அம்முணி, அப்பனக் காப்பாத்தோணும்னு ஒரு புள்ளைக்கு இருக்கறதுதான். அதுக்காவப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்காதீங்க. ஊட்டுக்குப் போங்க.”

“நெசமாத்தானுங் சொல்றேன்! தொட்டி ரொப்பறதுக்குப் போட்டேன், கரண்டு போயிருச்சு, வெச்சேன், மறந்துட்டேன். அப்பறஞ் சொல்லப் பயம்.”

பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில், “என்ன குச்சி?” என்று கேட்டார்.

“சேமியா ஐஸ் குச்சிங்க பெரியப்பா.”

“கடிச்சிருந்துச்சு” என்றார் அவர். “நுனியில பல்லுத் தடம் இருந்துச்சு. எம் பையந்தான் ஐஸ் தின்னா குச்சியக் கடிச்சுட்டுக் கெடப்பான்.”

“அன்னைக்கு ரெண்டு பேருந்தான் தின்னோம். சம்பத்தண்ணன் அப்பவே ஊட்டுக்குப் போயிட்டானுங்க. கடிச்சது நானு.”

பெரியப்பா பக்கத்திலிருந்த பால் கேன்மேல் உட்கார்ந்துவிட்டார். அது இன்னும் அளக்காத கேன், ஆனால் அதன் சொந்தக்காரர் தடுக்கவில்லை. அந்தக் குச்சியைப் பற்றிப் பெரியப்பா கட்டின மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கருகின மோட்டாரைப் பார்க்க அவர்தான் முதலில் போனார், குச்சியை உருவி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். பெரிய ஆள் எவனும் ஐஸ் குச்சி சொருக மாட்டான் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் தம்பியைச் சத்தியம் செய்ய வைத்தார். தம்பிமேல் எவ்வளவு சத்தமாகப் பாய்ந்தாரோ அவ்வளவுக்கு மகன் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். அந்த ஆனியிலேயே சம்பத்தைக் கோபி டவுன் ஆஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார், லீவுக்கு வந்தாலும் கிணற்றுப் பக்கம் விட்டதில்லை.

பெரியப்பா எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தம்பி வீடு இருக்கிற தெருவில் நடந்தார். கோகிலவாணி பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் வந்த ஊரைத் தங்காயி அக்காள் முக்கில் மறித்துக்கொண்டாள். “கேனு கேனா பாலு திரியப்போவுது, போங்க எல்லாரும்” என்று அதட்டினாள். ஊர் மனமில்லாமல் திரும்பியது.

அப்பா வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றார், முழங்கைவரை தவிடு.

“ஏண்டா சென்னி, புள்ள வெச்சுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் என்ன அதைக் கொன்னா போட்டிருப்பேன்?”

அப்பா அண்ணனை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். “ஏஞ்சாமி சொன்னே? இத்தன வருசம் நான் வாயக் கட்டீட்டிருந்தது எதுக்கு? குடும்பத்தப் பிரிச்சவன்னு என்னையச் சொன்னா நான் தாங்கிக்குவேன். பதினோரு வயசுப் புள்ளையச் சொன்னா அது எப்படி வளரும்? காய்ச்சல்ல மூணு நாளு குச்சி குச்சின்னுதான பொலம்புனே. உங்கொம்மாளும் நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தோம்.”

“அப்பா...” என்றாள் கோகிலவாணி.

“அப்ப எங்கிட்டயாவது சொல்லோணுமல்லோ” என்றார் பெரியப்பா.

“வெச்சயான்னு கேட்டீங்க, இல்லைன்னேன். ஆரு வெச்சான்னு நீங்க கேக்கவே இல்லையேண்ணா.”

பெரியப்பா வாசலில் கிடந்த கல்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கேக்கப் பயமா இருந்துச்சுடா” என்றார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. ஊரில் யாரும் அவர் அழுது பார்த்ததில்லை. அப்பா தவிட்டுக் கையோடு அவர் முழங்கையைப் பிடித்தார், சட்டையெல்லாம் தவிடானது. பிடித்துக்கொண்டு போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்புறம் பெரியப்பா மூக்கைச் சிந்திவிட்டு, அப்படியே இருந்தாலும் அந்த வருடம் வரப்பை ஒரு முழம் என் பக்கம் தள்ளி வெட்டியது நீதானே என்று ஆரம்பித்தார். அப்பா வெகுண்டு, நானா, வேம்பு நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார். வேம்பு வரப்பிலேயே இல்லை என்றார் பெரியப்பா. குரல் ஏறிக்கொண்டே போனது. இருபத்துமூன்று வருடத்துச் சண்டை பாக்கி இருந்தது, இரண்டு பேரும் ஒன்றையும் விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. உள்ளே பாவாயி, அதாவது கோகிலவாணியின் அம்மா, கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். மத்தியானம்வரை ஓயாது என்று தெரிந்ததும், யாரையும் கேட்காமல் உலையில் இன்னும் ஒரு படி அரிசி போட்டாள்.